மாயர்களைப் பார்க்க ஃபுளோரஸில் இறங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் சுற்றுலாப் பக்கத்தில் மத்திய அமெரிக்காவின் பழங்குடி மக்களான மாயர்களின் பழைய நகரங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்களும் விவரங்களும் நன்றாக இருந்தன. ஆனால் போகும் வழி என்று மெக்சிகோவின் கடற்கரை நகரமான கான்குன் ஒன்றை மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். கடற்கரை ஹோட்டலில் தங்கி, ஒருநாள் பேருந்தில் சிச்சென் இட்சா என்ற மாயா நகர இடிபாட்டுக்குப் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டுமாம். சிச்சென் இட்சா அருமையான இடம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் போக வர 400 கிலோமீட்டர் பேருந்தில் உட்கார்ந்து, உச்சி வெயிலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, ஏறவும் விடாத பிரமிடைக் கீழிருந்து படம் எடுத்துக்கொண்டு வருவதற்கா சிங்கப்பூரிலிருந்து இவ்வளவு தூரம் போவது? குவாத்தமாலாவில் ஃபுளோரஸ் என்று ஒரு சின்ன விமான நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கி, காட்டுக்குள் இருக்கும் டிக்கால் என்ற மாயா நகர இடிபாடுகளுக்குப் போங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்க்க நாம் திருச்சியில்தானே இறங்குகிறோம், சென்னையில் இறங்கி இரவெல்லாம் ரயிலில் வருவதில்லையே. ஃபுளோரஸும் அப்படித்தான். அங்கிருந்து டிக்கால் ஏறக்குறைய 65 கிலோமீட்டர், திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகிற மாதிரியேதான். குவாத்தமாலா சிட்டியிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம், பேருந்து என்றால் இரவு முழுவதும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பயணச்சீட்டு எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள், நான் பட்டதால் சொல்கிறேன். இங்கே ஒரு பயண முகவரிடம் ஃபுளோரஸ் என்று கேட்டதும் கொமோடோ உடும்பு பார்க்கப் போகிற இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவுக்கு விலை போட்டு அனுப்பிவிட்டார். திருப்பிக் கேட்டால், குவாத்தமாலாவில் அந்தப் பக்கமெல்லாம் விமானம் கிடையாது, பேருந்துதான் என்று அடித்துச் சொன்னார். கடைசியில் என் மகள்தான் தேடிக் கண்டுபிடித்தாள். அந்த நிலையத்தின் முழுப் பெயர் முந்தோ மாயா, அதாவது மாயா உலகம், குறியீடு எஃப்ஆர்எஸ். அந்த மூன்று எழுத்தைச் சொல்லிக் கேட்டால் குழப்பம் வராது.

நாங்கள் போனது டிசம்பர் கடைசியில். விசிறி வைத்த சின்ன விமானம், மலைகளைத் தாண்டிய பிறகு கீழே சமவெளி, அப்புறம் பெத்தேன் இட்சா ஏரி. இறங்கி நடந்தே கட்டடத்துக்குள் போகலாம், பெட்டி வந்து சேர்ந்ததும் வாசலில் என்ன நிற்கிறது என்று பார்த்தால் நம் ஊர் ஆட்டோ! பஜாஜ் என்று முன்னால் எழுதியிருக்கிறது, சிவப்பு வண்டி, ஓட்டுபவர் மாயா முகத்துக்காரர் ஒரு சின்னப் பையன். அதில் ஏறிப் பாலத்தைக் கடந்தால் ஏரிக்குள் இருக்கும் ஃபுளோரஸ் தீவு ஊர் வந்துவிடுகிறது. அந்தத் தீவுதான் மாயர்களில் இட்சா என்ற பிரிவினரின் தலைநகரமாக இருந்து 1697இல் கடைசியாக ஸ்பானியர் கையில் விழுந்த இடம். அதுவரை, அதாவது ஸ்பானியர் வந்து ஏறக்குறைய 170 ஆண்டுகள், அவர்கள் யாருக்கும் பணியாமல் அங்கே இருந்திருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டே அந்தக் குறுகிய தெருக்களில் நடந்தேன்.

டிக்காலுக்குப் போனால் ஒரு ராத்திரியாவது இடிபாடுகளைச் சுற்றியுள்ள தேசியப் பூங்காவுக்குள் தங்குங்கள். உள்ளேயே சில தங்குமிடங்கள் இருக்கின்றன. விடியலைப் பார்க்கத் தனிச் சீட்டு வாங்கிக்கொண்டு இருட்டிலேயே கிளம்ப வேண்டும், வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். நான்காம் கோயில் ஏறக்குறைய 65 மீட்டர், நம் பெரிய கோயில் விமானத்தின் உயரம்தான், ஆனால் அதைவிட இரண்டரை நூற்றாண்டுக்கும் மேல் பழையது. பக்கவாட்டில் மரப்படி கட்டியிருக்கிறார்கள். மேலே போய் உட்கார்ந்தபோது ஒன்றுமே தெரியவில்லை, எங்கும் பனிமூட்டம், நல்ல குளிர். அப்போது காட்டுக்குள்ளிருந்து ஒரு உறுமல் வந்தது, புலியோ என்று என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊளைக் குரங்குகள் என்று வழிகாட்டி சொன்னார். ஒன்று தொடங்க, தொலைவிலிருந்து இன்னொன்று பதில் கொடுக்க, அப்படியே காடு முழுவதும் பரவியது. கொஞ்ச நேரத்தில் மூட்டம் இறங்க இறங்க மூன்று கோயில்களின் தலை மட்டும் மரங்களுக்கு மேலே எழுந்து நின்றது. கான்குனிலிருந்து பேருந்தில் போய் வருகிறவருக்கு இது எப்படிக் கிடைக்கும்?

வழிகாட்டி கோயில் வாசலின் மேல் விட்டத்தைக் காட்டி, இது என்ன மரம் தெரியுமா என்று கேட்டார். சப்போட்டா! நாம் தேக்கா சந்தையில் சிக்கு என்று வாங்குகிற அதே பழத்தின் மரம். 1,200 ஆண்டுகளைத் தாண்டியும் சில விட்டங்கள் அப்படியே கல்லைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. இந்த மரத்தின் பாலிலிருந்துதான் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்தார்கள், சிங்கப்பூரில் 1992இல் தடை செய்தோமே அந்தச் சூயிங்கம்தான். பால் எடுக்கக் காட்டுக்குள் போனவர்கள் கண்ணில்தான் பல இடிபாடுகள் முதலில் பட்டிருக்கின்றன.

இன்னொன்றையும் சிங்கப்பூரர்கள் பார்க்க வேண்டும். டிக்காலில் ஆறு கிடையாது. முற்றங்களுக்குச் சுண்ணச்சாந்து பூசிச் சரிவாக அமைத்து, விழும் மழையையெல்லாம் நீர்த்தேக்கங்களுக்கு ஓடவிட்டிருக்கிறார்கள். அதில் ஒன்றில் சியோலைட் என்ற கனிமத்தைக் கொண்டு நீரை வடிகட்டியிருக்கிறார்கள் என்று 2020இல் ஆய்வாளர்கள் சொன்னார்கள். மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடந்து பழகிய எனக்கு அந்தப் பள்ளங்களை விட்டு நகரவே மனம் வரவில்லை.

டிக்காலுக்கும் விமானத்துக்கும் உள்ள உறவும் பழையது. 1951இல் இடிபாடுகளுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஓடுபாதை போட்டார்கள், அதற்குமுன் கோவேறு கழுதையிலோ கால்நடையாகவோ பல நாள் போக வேண்டும். ஓடுபாதை வந்த பிறகுதான் 1956இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் வந்து 1970 வரை தோண்டி ஆராய்ந்தார்கள். அப்புறம் விமானத்திலிருந்து லேசர் ஒளியைக் காட்டின் மேல் பாய்ச்சி அளந்ததில் டிக்கால் இருக்கும் பெத்தேன் பகுதியில் 60,000க்கும் மேற்பட்ட கட்டுமானங்கள் மறைந்து கிடப்பது 2018இல் வெளியில் வந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜூன் விடுமுறை மழைக்காலம், டிசம்பர் விடுமுறையே மேல். ஃபுளோரஸுக்கு ஒருநாளைக்குச் சில விமானங்கள்தான், அதனால் சிங்கப்பூர் திரும்பும் விமானத்தை அதே நாளில் வைக்காதீர்கள், ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். குவாத்தமாலா சிட்டியைச் சுற்றி எரிமலைகள், 2010இல் சாம்பல் விழுந்து விமான நிலையத்தையே மூடினார்கள். சின்ன விமானத்தில் பெட்டியின் எடையை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம், கறுப்பு பீன்ஸும் கையால் தட்டிய சோள ரொட்டியும் அவகாடோவும் எங்கும் கிடைக்கும், என் மனைவி அதை வைத்தே ஐந்து நாளை ஓட்டினார். அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்குக்கூட அங்கே குடிநுழைவைக் கடந்தாக வேண்டும், ஆகவே இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கு அமெரிக்க விசா இல்லாமல் முடியாது. மட்ரிட் வழி இருக்கிறது, அதை விசாரியுங்கள்.

மெக்சிகோவின் பாலெங்கே இடிபாடுகளுக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன விமான நிலையம் இருக்கிறது. அந்த வழியாகப் போய்வந்த வாசகர்கள் இருந்தால் தயவுசெய்து இதே பகுதியில் எழுதுங்கள். அடுத்து அங்கேதான் போக நினைக்கிறோம்.

இப்படிக்கு,
அங் மோ கியோ வாசகர்