ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா? நண்பருக்கு ஒரு கடிதம்

திருச்சி

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக நடந்தேறியதை அறிந்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம்.

புதுக் கணினி வாங்கிய கடையில், ஆண்டுதோறும் பணம் கட்டி ஆன்டிவைரஸ் போட்டே ஆக வேண்டும் என்று சொன்னதாக எழுதியிருந்தாய். உன் வீட்டுக்கு அது தேவையில்லை என்பதே என் எண்ணம். விண்டோஸ் 8 வெளிவந்த 2012 முதல், டிஃபெண்டர் என்னும் முழுமையான ஆன்டிவைரஸ் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. தொடக்கத்தில் பின்தங்கியிருந்த அது, ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் நடத்தும் சோதனைகளில், விலை கொடுத்து வாங்குபவற்றுக்கு இணையான மதிப்பெண்களைச் சில ஆண்டுகளாகவே பெற்றுவருகிறது.

அதற்காக இலவசம் என்று வருவதையெல்லாம் போட்டுவிடாதே. இலவச ஆன்டிவைரஸ் தரும் அவாஸ்ட் நிறுவனம் தன் பயனர்களின் இணைய உலாவல் விவரங்களைத் துணை நிறுவனம் வழியாக விற்றது என்ற குற்றச்சாட்டின் பேரில், 1.65 கோடி டாலர் செலுத்துமாறு அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024இல் உத்தரவிட்டது. காவலுக்கு வைத்தவரே வீட்டுக் கதையை வெளியே சொன்னால் யாரை நம்புவது?

போன மாதம் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். கணினியோடு வந்த சோதனைக்கால ஆன்டிவைரஸ் காலாவதியாகி, திரையின் மூலையில் சிவப்புப் பெட்டியாக வந்து வந்து பணம் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பயந்து மருமகன் இன்னொன்றை இலவசமாக இறக்கிப் போட்டிருந்தான். இரண்டும் சேர்ந்து ஒவ்வொரு கோப்பையும் துருவியதில், ஒரு கணக்குத் தாள் திறப்பதற்குள் கையிலிருந்த காபி ஆறிவிட்டது. இரண்டையும் நீக்கிக் கணினியை மறுபடி தொடங்கியதும், அதுவரை ஒதுங்கியிருந்த டிஃபெண்டர் தானாகவே விழித்துக்கொண்டது. கேடய வடிவச் சின்னத்தில் பச்சைக்குறி தெரிந்த பிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

காசு கொடுத்து வாங்குவதில் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். பத்துக் கணினிகள் உள்ள அலுவலகத்துக்கோ, சிக்கல் வந்தால் தொலைபேசியில் ஒருவர் வழிகாட்ட வேண்டும் என்று நினைப்பவருக்கோ, சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் போன்றவை கைகொடுக்கும்.

எதைப் போட்டாலும் அப்டேட்டைத் தள்ளிப் போடாதே. 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவி, பிரிட்டனின் மருத்துவமனைகளைக்கூட முடக்கிய வன்னாகிரை என்னும் நச்சுநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை, மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. மாடியில் இருக்கும் உன் பழைய கணினி விண்டோஸ் 10 என்றால், 2025 அக்டோபர் 14உடன் அதற்கான வழக்கமான அப்டேட் ஆதரவு முடிந்துவிட்டது. வங்கி வேலைகளை அதில் செய்யாதே.

கடைக்காரர் கேட்ட பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கிவிடு. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் பறிக்கும் நச்சுநிரல், நகல் எடுத்ததும் கழற்றி அலமாரியில் வைத்த டிஸ்க்கைத் தொட முடியாது. பொங்கலுக்கு நான் மதுரை வருகிறேன்; அப்பாவின் நாதஸ்வரக் கேசட்டைக் கணினியில் ஏற்றிவிட்டதாக எழுதியிருந்தாயே, அதிலிருந்தே நகலெடுக்கத் தொடங்குவோம்.

என்றும் அன்புடன்,
ராமநாதன்