நெல்மணிக் கணக்கில் கடைசி மூன்று பூச்சியம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் சிறுவர் பக்கத்தில் சதுரங்கப் பலகை நெல்மணிக் கதை வந்திருந்தது. முதல் கட்டத்துக்கு ஒன்று, அடுத்ததுக்கு இரண்டு, அப்புறம் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போய், 64 கட்டம் நிரம்புவதற்குள் ராஜாவின் களஞ்சியம் காலியாகிவிடுமே, அந்தக் கதையை கேரளத்து அம்பலப்புழை கோயில் பால் பாயசத்தோடு சேர்த்து அழகாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் மொத்தம் 1,84,46,74,40,73,70,95,52,000 என்று போட்டுவிட்டீர்கள். சரியான விடை 1,84,46,74,40,73,70,95,51,615.

கூடுதல் 385 மணிதானே, உள்ளங்கையில் அடங்கிவிடும், இதற்கு ஒரு கடிதமா என்று தோன்றலாம். கணினியில் போட்டு எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்; பல கணிப்பான்கள் பதினைந்து பதினாறு இலக்கத்துக்கு மேல் சரியாக வைத்துக்கொள்ளாமல் மீதியைத் தோராயமாக்கிவிடும். அது இங்கே கணக்கையே கெடுத்துவிட்டது. முதல் கட்டத்தில் இருப்பது ஒரே ஒரு மணி, மற்ற 63 கட்டத்திலும் இரட்டைப்படை. அப்படியானால் மொத்தம் ஒற்றைப்படையாகத்தான் வர வேண்டும், பூச்சியத்தில் முடியவே முடியாது. ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தியிடம் சரியான எண்ணின் இலக்கங்களைக் கூட்டச் சொன்னேன், 87 என்றாள். 87 மூன்றால் வகுபடும், எனவே அந்த எண்ணும் வகுபடும். நீங்கள் போட்டதைக் கூட்டினால் 76 வருகிறது, வகுபடாது.

இதைவிட அருமையான விஷயம் பாதிப் பலகையில் இருக்கிறது. முதல் 32 கட்டத்தின் கூட்டுத்தொகை 4,29,49,67,295. அதோடு 2 சேர்த்தால் 4,29,49,67,297. இந்த இரண்டையும் பெருக்குங்கள், முழுப் பலகையின் விடை அப்படியே வந்து நிற்கும்! ஒரு எண்ணின் வர்க்கத்தில் ஒன்றைக் கழித்தால், அதற்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் பெருக்கிய விடைதான் கிடைக்கும் என்று பள்ளியில் படித்தோமே (8 × 8 − 1 = 7 × 9), அதே சங்கதிதான். அதே வழியில் பாதியைப் பாதியாக்கிக்கொண்டே போனால் 3, 5, 17, 257, 65537 என்று ஐந்து பகா எண்கள் வரிசையாகக் கிடைக்கும். மிச்சம் இருப்பது அந்த 4,29,49,67,297. அதுவும் பகா எண் என்றுதான் பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-ல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் அது 641 × 6700417 என்று காட்டிவிட்டார். ஆக நெல்மணிக் கணக்கில் மொத்தம் ஏழு பகா காரணிகள், ஒன்றுகூட இரண்டு முறை வராது. கடைசி 1,615-ஐ 2,000 என்று மாற்றினால் இதில் எதுவுமே நிற்காது.

அடுத்த வாரம் அதே சிறுவர் பக்கத்தில் எண்ணை 615 வரை முழுசாகத் திருத்திப் போடுங்கள். இடம் இருந்தால் அந்த ஏழு காரணிகளையும் கீழே போட்டுவிடுங்கள், பிள்ளைகள் பேனா பேப்பரை வைத்துக்கொண்டு தாங்களே பெருக்கிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
தஞ்சாவூர்