மேஜை டிராயரில் இருக்கும் அட்டை

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு இரவு

அன்புள்ள மலருக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்ப்பா" என்று சொல்லி உடனே அம்மாவிடம் கொடுத்துவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். இதை போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், தபாலிலும் போடுகிறேன். கடைக்கணக்கு எழுதிப் பழகின கை, கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று அம்மா டில்லியில் உன் வீட்டு பால்கனியில் நின்றுகொண்டு ரகசியக் குரலில் பேசினாள். பிரசவத்துக்கு அப்புறம் வந்த மனச்சோர்வுக்கு டாக்டர் செர்ட்ரலின் மாத்திரை எழுதிக் கொடுத்து ஒன்பது நாள் ஆகிறதாம். மாப்பிள்ளை அன்றைக்கே வாங்கி வந்துவிட்டாராம். நீ ஒன்றைக்கூடப் பிரிக்காமல் அட்டையை மேஜை டிராயரில் போட்டு வைத்திருக்கிறாயாம். குழந்தை தூங்கும்போதும் நீ தூங்குவதில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், குளிக்கச் சொன்னால் அழுகிறாய் என்றாள். மாத்திரை சாப்பிடுவதாக இருந்தால் தாய்ப்பாலை நிறுத்திவிடு என்று திருச்சியிலிருந்து சம்பந்தியம்மா சொன்னார்களாம். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இருபத்தெட்டு வருஷம் மருந்துக்கடைக் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பச்சைக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் சீட்டை நீட்டுவாள். மனநல டாக்டர் எழுதின மருந்து என்று பார்த்தவுடனே தெரியும். "பால் கொடுக்கிறியாம்மா? அப்போ இது வேண்டாம்" என்று சொல்லி சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கடைக்காரனுக்கு "வேண்டாம்" என்ற வார்த்தை ரொம்ப சௌகரியம். மருந்து கொடுக்காதவன் மேல் யாரும் பழி போட வர மாட்டார்கள். அந்தப் பெண் அன்றைக்கு ராத்திரி என்ன ஆனாள் என்பது நம் கணக்குப் புத்தகத்தில் வராது.

நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எந்த மருந்து தாய்ப்பாலில் எவ்வளவு போகிறது என்று அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் லாக்ட்மெட் என்ற பெயரில் ஒரு தொகுப்பு வைத்திருக்கிறது. காசில்லாமல் யாரும் படிக்கலாம். என் காலத்தில் இது கையில் இல்லை. இருந்திருந்தாலும் படித்திருப்பேனா, தெரியாது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி வரை உட்கார்ந்தேன்.

உன் மருந்து பாலில் போகவே போகாது என்று நான் சொல்லவில்லை, போகிறது. ஆனால் உன் ரத்தத்தில் சேரும் மருந்தில் பெரும்பகுதி அங்கே இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டுவிடும், நூற்றுக்கு 98 பங்கு. ஒட்டாமல் மிச்சம் இருப்பதுதான் பால் பக்கம் போக முடியும். குழந்தைக்குப் போய்ச் சேரும் அளவை எடைக்கு எடை கணக்குப் போட்டு, தாயின் டோஸில் அது எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். பத்துக்குக் கீழே இருந்தால் பொதுவாகக் கவலையில்லை என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் கோடு. செர்ட்ரலினுக்கு அது பெரும்பாலும் மூன்றைக்கூடத் தொடுவதில்லை. பால் குடிக்கும் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்ததில், பெரும்பாலான குழந்தைகளிடம் கருவி அளக்கிற அளவுக்குக்கூட மருந்து இல்லை. பாலூட்டும் தாய்க்கு முதலில் இதை யோசிப்பது அதனால்தான். உன் டாக்டர் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டியதில்லை, கடிகாரம் பார்த்து ஊட்டவும் வேண்டியதில்லை.

எல்லா மருந்தும் இப்படி இல்லை என்பதும் உனக்குத் தெரிய வேண்டும். இதே வகை மருந்தான ஃப்ளுவோக்ஸெடின் உடம்பை விட்டுப் போக நாளாகும், பாலிலும் கூடுதலாகப் போகும். ஆனாலும் அதில்தான் ஒருத்திக்குக் குணம் தெரிகிறது என்றால் டாக்டர்கள் உடனே மாற்றிவிடுவதும் கிடையாது. டாக்ஸெபின் என்று ஒரு பழைய மருந்து, அதைத் தாய் சாப்பிட்டு, குழந்தைக்கு மூச்சு மந்தமானது உண்டு, அதைத் தவிர்த்துவிடுவார்கள். அதனால் பக்கத்து ஃப்ளாட் பெண்ணுக்கு எது ஒத்துக்கொண்டது என்பது உனக்கு உதவாது.

இனி, இருபத்தெட்டு வருஷக் கடைக்காரனாகச் சில விஷயம். இந்த மாதிரிச் சீட்டில் இரண்டாவது வரியாகத் தூங்குவதற்கு குளோனசெபாம் எழுதியிருப்பது நம் ஊரில் சகஜம். உன் சீட்டில் இருக்கிறதா பார். இருந்தால், பால் கொடுப்பதைச் சொல்லி, எத்தனை நாளைக்கு என்று டாக்டரிடம் கேட்டுக்கொள். பயம் குழந்தைக்கு மயக்கம் தட்டுவதில்தான். அதைப் போட்டுக்கொள்ளும் ராத்திரி குழந்தையை உன் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுக்காதே. அம்மா அங்கே தூளி கட்டியிருக்கிறாள் இல்லையா, ராத்திரிக்கு அவள் பார்த்துக்கொள்வாள். பால் சுரக்க என்று லேடி டாக்டர் டாம்பெரிடோன் கொடுத்திருந்தால் அதையும் சொல். எஸ்சிடலோபிராம் மாதிரி சில மனச்சோர்வு மருந்துகளோடு அது சேர்ந்தால் இதயத் துடிப்பு தடுமாறலாம். அம்மா கிண்டிக் கொண்டுவந்த பிரசவ லேகியத்தையும் விட்டுவிடாதே. வீட்டில் இருக்கும் அத்தனை அட்டை, பாட்டில், டப்பாவையும் ஒரு பையில் அள்ளிப் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டு. கூச்சப்படாதே, எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். தைராய்டு டெஸ்ட் எடுத்தாயிற்றா என்றும் கேள். பிரசவத்துக்கு அப்புறம் அது ஏறி இறங்குவதே ஆளைச் சோர்த்துப் போடும்.

முதல் வாரம் குமட்டும், வயிறு கலகலக்கும், கொஞ்சம் படபடப்பு கூடின மாதிரிகூட இருக்கும். சாப்பிட்டுவிட்டுப் போடு. தூக்கம் கெட்டால் காலையில் போட்டுக்கொள்ளலாமா என்று கேள். மனசு லேசாக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக. நான்காம் நாளே "ஒண்ணும் ஆகலையே" என்று அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டாகப் போடாதே. சரியான பிறகும் பல மாதம் போட வேண்டியிருக்கும். நீயாக ஒரு நாள் நிறுத்திவிடாதே. சட்டென்று நிறுத்தினால் தலை சுற்றும், மண்டைக்குள் கரன்ட் அடித்த மாதிரி இருக்கும். டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார்.

குட்டியைப் பார்க்க வேண்டிய விதம் அம்மாவுக்குத் தெரியும். பாலுக்கு எழுப்பியும் எழாமல் துவண்டு கிடக்கிறாளா, காம்பைப் பிடிக்கச் சோம்புகிறாளா, காரணமே இல்லாமல் வீறிடுகிறாளா, எடை ஏறுகிறதா. பத்தாவது வாரத் தடுப்பூசிக்கு அடுத்த வாரம் போவீர்கள். எடை போடும்போது குழந்தை டாக்டரிடம் "நான் செர்ட்ரலின் போடுகிறேன்" என்று சொல். மாதம் நிறைந்து 2.9 கிலோவில் பிறந்த பிள்ளை, அது நமக்கு நல்ல விஷயம். குறைமாதத்தில் பிறந்திருந்தால் டாக்டர்கள் இன்னும் உன்னிப்பாகப் பார்ப்பார்கள். ராத்திரி ஒரு வேளை புட்டிப்பால் கொடுத்து நீ நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினாலும் குடி முழுகிவிடாது. தாய்ப்பால் விஷயத்தில் நம் ஜனங்கள் போடுகிற கூச்சல் எனக்கு எப்போதுமே பிடிப்பதில்லை.

ஒன்றை மட்டும் மாத்திரையைப் பிரிப்பதற்கு முன்னால் டாக்டரிடம் சொல்லிவிடு. உன் சித்தப்பா வெளியூரில் வேலை பார்க்கிறார் என்று சின்ன வயதில் உனக்குச் சொன்னோம் இல்லையா, அந்த ஒன்றரை வருஷமும் அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான். நாலு நாள் தூங்காமல், களைப்பே தெரியாமல், சம்பளத்தையெல்லாம் ரோட்டில் போகிறவர்களுக்குக் கொடுத்துக்கொண்டு திரிந்தான். இருமுனை நோய் என்றார்கள். ரத்த சம்பந்தத்தில் அது இருந்தால் டாக்டர் மருந்தை வேறு மாதிரி யோசிப்பார், ஏனென்றால் இந்த மாத்திரை தனியாகப் போனால் சிலருக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும். குடும்ப மானம் என்று மூடி வைத்திருந்தோம். இப்போது அது உனக்கு வேண்டிய தகவல்.

உன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்று தோன்றினால், காதில் குரல் கேட்டால், கூட இருப்பவர்கள் மேலேயே சந்தேகம் வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதே. உன் மயூர் விஹார் வீட்டிலிருந்து தில்ஷாத் கார்டன் இஹ்பாஸ் மனநல மருத்துவமனை தூரமில்லை, மாப்பிள்ளையை உடனே வண்டி எடுக்கச் சொல். அரசாங்கத்தின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். அட்மிட் ஆனால் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்று பயந்து சொல்லாமல் இருந்துவிடாதே. 2017 மனநலச் சட்டப்படி மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளையைச் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. இங்கே பெங்களூரில் நம் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயும் சேயும் சேர்ந்து தங்குகிற வார்டே இருக்கிறது, 2009-ல் வந்தது. பதினெட்டு வருஷம் மூடிக் கிடந்த வள்ளுவர் சிலையை அல்சூர் ஏரிக்கரையில் திறந்தார்களே, அதே வருஷம். கூட்டத்தில் உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனது ஞாபகம் இருக்கா?

இப்போது நான் எழுத வந்த விஷயம். 1993-ல் நீ பிறந்து இரண்டு மாதம் இருக்கும். காவிரிக் கலவரத்துக்கு அப்புறம் கடையை மறுபடி நிமிர்த்திக்கொண்டிருந்தேன். அம்மாவும் இப்படித்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மருந்தை எழுதினார். மருந்துக்கடைக்காரன் பெண்டாட்டி, சீட்டை என்னிடம் தந்துவிட்டாள். பாலில் போகுமே, குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று எனக்குப் பயம். டாக்டரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையை உறையில் போட்டு, "ராத்திரி ஒண்ணு" என்று மேலே எழுதிக் கொடுத்தேன். அவள் அதை ஐந்து மாதம் சாப்பிட்டாள். குணமாகும் என்று காத்திருந்தாள். எட்டாவது மாதம் தானாகவே கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தாள். அதற்குள் அவளிடமிருந்து என்னவெல்லாம் போனது என்பதை நீ அவளைத்தான் கேட்க வேண்டும்.

இன்று காலை போன் பண்ணி அவளிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "தெரியும். மூணாம் நாளே மூத்திரம் மஞ்சள் மஞ்சளாப் போச்சு. அது சத்து மாத்திரைன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். ஏன் கேட்கவில்லை என்றேன். "கேக்கத் தெம்பு இருந்தா நான் ஏன் மாத்திரைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு, குட்டி அழுகிறாள் என்று வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை கர்நாடகா எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை காலை அங்கே இருப்பேன். மூன்று வாரம் ராத்திரித் தூளி என் பொறுப்பு, நீயும் அம்மாவும் தூங்குங்கள். டாக்டரிடம் சித்தப்பா விஷயத்தைச் சொல்வதற்கு மட்டும் எனக்காகக் காத்திருக்காதே, நாளைக்கே போன் பண்ணிச் சொல்லிவிடு. டில்லியில் இப்போது குளிர் எப்படி, கம்பளி கொண்டுவரட்டுமா என்று அம்மாவைக் கேட்டுச் சொல்.

அன்புடன்,
அப்பா