பிளஸ் டூ ஆண்டில் பொறுப்பும் தொண்டும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தோடு ஒரு சம்மதப் படிவமும் உங்கள் பிள்ளை கையில் வந்திருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு கடிதத்தை ஒரு தடவை முழுதாகப் படித்துவிடுங்கள். வேலை அலுப்பில் முடியாவிட்டால் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய சேதிதான்.

இந்த ஆண்டும் பிளஸ் டூ மாணவர்களுக்குப் பள்ளியில் சில பொறுப்புகள் தரப் போகிறோம். இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னதுமே ஓர் அம்மா எழுந்து, "படிக்கவே நேரம் பத்தல, இந்த வருஷம் போய் இதெல்லாம் எதுக்கு சார்?" என்று கேட்டார். கேட்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் மனதிலும் அதுதான் ஓடியது என்பது முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது. ஆகவே மார்க் விஷயத்தை முதலில் பேசிவிடுகிறேன்.

இந்த வேலைகளால் பிளஸ் டூ தேர்வில் அரை மதிப்பெண்கூட அதிகமாகக் கிடைக்காது. பொறியியல் கட்‑ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. அதில் 'மாணவர் தலைவர்' என்று ஒரு கட்டம் கிடையாது. நாங்கள் தரும் சான்றிதழைக் காட்டினால் எந்தக் கல்லூரியிலும் இடம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விளையாட்டு ஒதுக்கீடு வேறு சங்கதி. அதற்கான விதிகளை உடற்கல்வி ஆசிரியரிடம் கேளுங்கள்.

அப்படியானால் எதற்கு? அடுத்த ஜூன், ஜூலையில் உங்கள் மகனோ மகளோ கல்லூரி அலுவலகத்து ஜன்னல் முன்னால் நிற்கப் போகிறார்கள். "இந்தச் சான்றிதழ் போதாது, போய் வேற வாங்கிட்டு வா" என்று உள்ளேயிருந்து ஒருவர் சொல்வார். பதில் பேசாமல் பஸ் ஏறி வீட்டுக்குத் திரும்பிவிடும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மதிப்பெண் நானூற்று எண்பதாக இருக்கும், வாயைத் திறக்க வராது. "எந்தச் சான்றிதழ் சார், எந்த ஆபீசுல வாங்கணும், கடைசி தேதி என்ன?" என்று நின்று கேட்கிற பழக்கத்தைப் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. நாலு பேருக்காகப் போய் நின்று பேசிப் பழகினால்தான் வரும். வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது இன்னும் அதிகம் தேவை. கூடப் போய்ப் பேச அண்ணன் அக்காள் இல்லாத பிள்ளைகள் அவர்கள்.

இனி, என்னென்ன வேலைகள் என்று சொல்கிறேன்.

முதலாவதும் முக்கியமானதும் வாசிப்பு நேரம். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் இப்போது நடுநிலை வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுத்துக் கற்கும் வயதில் வகுப்பறையைப் பார்க்காதவர்கள். ஆசிரியர்களும் விடாமல் முயல்கிறார்கள், இல்லம் தேடிக் கல்வி மையங்களும் கைகொடுத்தன. இருந்தும் சிலருக்கு இன்னும் தடுக்குகிறது. 'கொடி' என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பைப் பார்ப்பார்கள், துணைக்காலை விட்டுவிட்டு 'கெடி' என்று படிப்பார்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஆசிரியர் திருத்தினால் அந்தப் பிள்ளை அடுத்த நாளிலிருந்து வாயே திறக்காது. பக்கத்தில் ஒரு அக்கா உட்கார்ந்து, விரலைத் துணைக்கால் மேல் வைத்து, "இதையும் சேர்த்துப் படி" என்றால் சிரித்துக்கொண்டே படிக்கிறது. நேரில் பார்க்க விரும்பும் பெற்றோர் மதிய இடைவேளையில் புங்கமரத்தடிக்கு வாருங்கள். ஒரு பிளஸ் டூ மாணவருக்கு இரண்டு பிள்ளைகள், சாப்பிட்ட பிறகு இருபது நிமிடம், வாரத்தில் மூன்று நாள். அவ்வளவுதான்.

இதற்கு நன்றாகப் படிக்கும் பிள்ளைதான் வேண்டும் என்பதில்லை. தானே தடுமாறிக் கற்றுக்கொண்ட பிள்ளைக்குத்தான் எங்கே தடுக்கும் என்பது தெரியும். கடைசி பெஞ்சு மாணவர்கள் இதில் முதல் வரிசைக்கு வருவதை ஆசிரியர்கள் எல்லோரும் கவனித்திருக்கிறோம்.

இரண்டாவது, முதலுதவிக் குழு. இளஞ்செஞ்சிலுவைச் சங்கப் பொறுப்பாசிரியர் பயிற்சி தருவார். நம் பக்கம் நடவுக் காலம் தொடங்கினால் பாம்புக்கடியும் தொடங்கிவிடும். இன்னும் பல வீடுகளில் முதலில் செய்வது கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, மந்திரிக்க அழைத்துப் போவது. மூன்றும் கூடாது. கடிபட்டவரைப் பதறவிடாமல் படுக்கவைத்து, கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் வைத்து, கொலுசு, மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, 108ஐ அழைத்து நேரே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டிய அவசியமும் இல்லை. நம் மருத்துவமனைகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. பாம்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் மருத்துவமனைக்கே போய்ச் சேர்ந்துவிடலாம். ஒரு பிள்ளை இதைக் கற்றுக்கொண்டு வந்தால் உங்கள் தெருவுக்கே ஆயிற்று. மூச்சும் நாடியும் நின்றவருக்கு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தும் முறையையும் பொம்மையை வைத்துப் பழக்குவோம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்தது. அதன்பின் நம் பள்ளியே முகாமாக இருந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இன்றைய பிளஸ் டூ பிள்ளைகள் அப்போது நாலாவது, ஐந்தாவது. தென்னை சாய்ந்ததும் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததும் அவர்களுக்கு மங்கலாக நினைவிருக்கலாம். அன்று உபயோகமாக இருந்த மாணவர்கள், ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு எந்த அறையில் கைக்குழந்தை, யாருக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது, எந்தப் பாட்டிக்குக் காது கேட்காது என்று எழுதி வைத்தவர்கள். சத்தம் போட்டு வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள் இரண்டாம் நாளே களைத்துப் போனார்கள். பொறுப்புகளுக்கு ஆள் எடுக்கும்போது நோட்டு எழுதுகிற பிள்ளைக்குத்தான் முதலிடம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்க நாலு பேர். சத்துணவு வரிசையில் சின்னப் பிள்ளைகளைக் கவனிக்க ஆறு பேர். பசுமைப் படையில் செடிகளைப் பார்த்துக்கொள்ள சிலர். காலை வழிபாட்டுக் கூட்டத்தை நடத்தச் சிலர். 17 வயது முடிந்தவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்ற வசதி 2022இல் வந்தது. படிவம் 6ஐ நிரப்ப மற்ற மாணவர்களுக்கு உதவ இரண்டு பேர். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமுக்கு நம் பள்ளியில் பிளஸ் ஒன் மாணவர்கள்தான் போவார்கள். பிளஸ் டூ பிள்ளை அதில் சேர வேண்டியதில்லை, நானும் அனுமதிக்க மாட்டேன்.

மகிழ் முற்றம் என்ற மாணவர் குழுக்கள் ஐந்துக்கும், அதாவது குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை, தலைவர்கள் வேண்டும். பள்ளி மாணவர் தலைவராக ஒரு மாணவியும் ஒரு மாணவனும் சேர்ந்தே இருப்பார்கள். இவர்களை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாமே என்று சிலர் கேட்டீர்கள். மறைக்காமல் சொல்கிறேன், நம் ஊரில் ஓட்டு தெருவுக்குத் தெரு பிரிந்து விழும். பெரியவர்கள் பழக்கம் பிள்ளைகளுக்கும் வந்துவிடுகிறது. அதனால் குழு பிரிப்பது குலுக்கலில். தலைவர் பொறுப்புக்கு விரும்பும் மாணவர் ஒரு பக்கத்தில் தான் என்ன செய்ய நினைக்கிறார் என்று எழுதித் தர வேண்டும். வகுப்பு மாணவர்கள் எல்லோரும், "ஒரு கஷ்டம் வந்தால் வகுப்பில் யாரிடம் போய்ச் சொல்வாய்?" என்ற கேள்விக்குச் சீட்டில் ஒரு பெயர் எழுதுவார்கள். இரண்டையும் வைத்து ஆசிரியர்கள் முடிவு செய்வோம். தெரு, சாதி, அப்பா வகிக்கும் பதவி எதுவும் இதில் வராது. சிபாரிசு செய்ய வருகிறவர்களுக்கு டீ மட்டும் உண்டு. கையில் சாதி அடையாளக் கயிறு கட்டிவரும் யாருக்கும் பொறுப்பு இல்லை.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. "அவ கூச்ச சுபாவம் சார், வேற யாருக்காவது குடுங்க" என்று மகளுக்காக நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். அவளிடம் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தக் குழுவில் எழுந்து பேசும் அம்மாக்களுக்கு இந்த வயதில் இப்படி ஒரு வாய்ப்புக் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். சத்துணவு வரிசையில் பையன்களும் பரிமாறுவார்கள், தரையைத் துடைப்பார்கள். மேடையில் பெண்களும் மைக் பிடிப்பார்கள்.

நேரத்தைப் பற்றிக் கண்டிப்பான விதி வைத்திருக்கிறோம். யாருக்கும் வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கிடையாது, எல்லாம் பள்ளி நேரத்துக்குள். மாலையில் மாடு பார்க்கவோ கடைக்கோ போக வேண்டிய பிள்ளையும், சனி ஞாயிறு சமையல் வேலைக்குப் போகிற பிள்ளையும் இதிலிருந்து விலகிப்போகக் கூடாது என்பதற்காகத்தான் இப்படி. கடைசி பஸ்ஸைத் தவறவிடும் நிலை யாருக்கும் வராது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுக்கு முந்திய பதினைந்து நாள் முழு ஓய்வு. அரையாண்டு முடிந்ததும் எல்லாப் பொறுப்பையும் பிளஸ் ஒன் மாணவர்களிடம் நோட்டோடு ஒப்படைத்துவிட வேண்டும். பிறகு செய்முறைத் தேர்வு, பொதுத்தேர்வு மட்டும். இடையில் மதிப்பெண் சரிந்தால் வகுப்பாசிரியர் உங்களைக் கூப்பிட்டுப் பேசுவார். தேவையானால் அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பிலிருந்து விடுப்பு தருவோம். அதைத் தண்டனை போல வீட்டில் பேச வேண்டாம்.

இந்தப் பிள்ளைகளை எதற்குப் பயன்படுத்த மாட்டோம் என்பதையும் எழுதி வைக்கிறேன். விருந்தினர் வந்தால் நாற்காலி தூக்குவது, சால்வைத் தட்டு ஏந்தி வெயிலில் நிற்பது, ஆசிரியர்களுக்கு டீ வாங்கிவருவது, கழிப்பறை கழுவுவது, ரோட்டில் நின்று போக்குவரத்தைச் சரிசெய்வது, குளம் தூர்வாருவது, மரம் ஏறுவது எதுவும் கிடையாது. ரத்ததான முகாமில் பெயர் எழுதி உதவலாம், 18 வயது நிறையாதவர் ரத்தம் கொடுக்கக் கூடாது. பள்ளி வேலையாக யாரும் பைக் ஓட்டிப் போகவும் கூடாது. உங்கள் பிள்ளையிடம் யாராவது இவற்றில் ஒன்றைச் செய்யச் சொன்னதாகத் தெரிந்தால் என்னிடம் நேரே வந்து சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளைகள் அக்கா, அண்ணனிடம் மனம் விட்டுப் பேசும். வீட்டில் அடி, பஸ்ஸில் தொந்தரவு, யாரோ தொட்ட விதம் பிடிக்கவில்லை என்று எதையாவது சொல்லும். "யார்ட்டயும் சொல்லாதக்கா" என்றும் சொல்லும். அந்த ரகசியத்தைச் சுமக்கும் வயது உங்கள் பிள்ளைக்கு இல்லை. அன்றைக்கே பொறுப்பாசிரியரிடம் சொல்லிவிட வேண்டும் என்பதைப் பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லித் தருகிறோம். குழந்தைகள் உதவி எண்ணான 1098உம், குறைகளை எழுதிப் போடும் மாணவர் மனசுப் பெட்டியும் எதற்கு என்பதையும் அவர்களுக்கு விளக்குவோம். உங்கள் மகனோ மகளோ ஒரு நாள் சோர்ந்து வீட்டுக்கு வந்தால், என்ன நடந்தது என்று துருவாமல் எனக்கு ஒரு போன் செய்யுங்கள்.

கடைசியாகப் படிவம். முதல் கட்டத்தில் பிள்ளை தனக்குப் பிடித்த இரண்டு வேலைகளைத் தானே எழுத வேண்டும், நீங்கள் எழுத வேண்டாம். இரண்டாவது கட்டத்தில் ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை போன்றவை இருந்தால் குறிப்பிடுங்கள். அது என்னிடமும் பொறுப்பாசிரியரிடமும் மட்டும் இருக்கும். அப்பா வெளிநாட்டிலோ திருப்பூரிலோ இருந்தால் அம்மா கையெழுத்துப் போதும், தாத்தா பாட்டியோடு வளரும் பிள்ளைக்கு அவர்கள் கைநாட்டும் செல்லும். விருப்பமில்லை என்றால் 'வேண்டாம்' என்று எழுதித் திருப்பி அனுப்புங்கள், காரணம் கேட்க மாட்டோம். வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ந்துவிட வேண்டும். நேரில் பேச விரும்புகிறவர்கள் மாலை நாலரைக்கு மேல் வாருங்கள். நூறு நாள் வேலைக்கோ வயலுக்கோ போகிறவர்கள் அதற்காக ஒரு நாள் கூலியை விட வேண்டாம், காலை எட்டரைக்கே பள்ளியில் இருப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
அரசு மேல்நிலைப் பள்ளி