புதுத் தாள் என்று நினைத்தேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். சித்தப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. மாடித் தொட்டி விவகாரம் உனக்குத் தெரிந்ததுதான், அதில் புதிதாக ஒன்றும் நடக்கவில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் ஒன்றைச் சொல்ல வந்து வேறொன்றைச் சொல்லிவிடுகிறேன். நீயும் அப்படித்தான் செய்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் பேசினோம். அதில் இருபது நிமிஷம் மிக்ஸி பற்றி.

பெரியம்மா பேரன் லேப்டாப்பில் பழைய தமிழ் டைப்ரைட்டர் கீபோர்டையே போட்டுக் கொடுத்துவிட்டான். முதல் பாடம் யளனகபக. விரல் ஒன்றையும் மறக்கவில்லை. பிழை இருந்தால் அது கண் செய்ததாக இருக்கும்.

பரணைச் சுத்தம் செய்தபோது மாமா கொடுத்த ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் கிடைத்தது. எறிந்துவிட்டோம் என்று நினைத்திருந்தேன். உன் பாவாடைத் துணியில் சுற்றி, அட்டைப் பெட்டியில் போட்டு, மேலே ‘உடையும்’ என்று அப்பா எழுதியிருக்கிறார். மூலையில் அந்த நான்கு கலர் பட்டை அப்படியே இருக்கிறது. அழிரப்பர் மாதிரி நாற்பது கீ, அதுவும் அப்படியே. பேரன் திறந்து பார்த்துவிட்டு, கீக்குக் கீழே இருக்கும் மெல்லிய தாள் காய்ந்து ஒடிந்துவிட்டது, பழைய மிஷின்களில் முதலில் போவது அதுதான் என்றான். பெட்டிக்கு அடியில் நீ கோலம் போட்ட கிராஃப் நோட்டும் இருந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

ராத்திரி சாப்பிடுகிறாயா? கன்னம் ஒட்டியிருக்கிறது. ஒரு வாய் தயிர் சாதமாவது சாப்பிட்டுவிட்டுப் படு.

மாமா கப்பலிலிருந்து வந்து அதைக் கொடுத்தபோது உனக்குப் பதினொரு வயது. டிவியில் போட்டால் ஒன்றும் வரவில்லை. அது யு.எச்.எஃப். 36-ஆம் சேனலில் படம் அனுப்புகிறது, நம் டிவிக்குத் தூர்தர்ஷனைத் தவிர எதுவும் தெரியாது. மெக்கானிக் வந்து டிவியின் பின்பக்கத்தைக் கழற்றி, மிஷினிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்து சால்டர் வைத்தார். அப்பா அந்த இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. டிவிக்குத் தவணை கட்டி முடியாத நேரம். கடைசியில் வெள்ளைத் திரையில் அடியில் ஒரே ஒரு வரி வந்தது: 1982 சின்க்ளேர் ரிசர்ச் லிமிடெட். இவ்வளவுதானா என்று தாத்தா எழுந்து போய்விட்டார். நீ மட்டும் அசையவில்லை.

கருப்பு வெள்ளை டிவி. இங்க் 2 என்றால் சிவப்பு, 4 பச்சை, 6 மஞ்சள் என்று நீ மனப்பாடமாகச் சொல்வாய். ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை, எல்லாம் சாம்பல்தான். ஆனாலும் ‘அம்மா, இந்தப் பூ சிவப்பு’ என்று என்னிடம் காட்டுவாய். நானும் பார்த்த மாதிரி தலையாட்டுவேன். நீ அன்றைக்கே அப்படித்தான் இருந்தாய், இல்லாததையும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பாய். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். முழுக்கப் பெருமை என்றும் சொல்ல முடியவில்லை.

வீடியோவில் முன்பெல்லாம் உனக்குப் பின்னால் மஞ்சள் சுவரும் நான் கொடுத்த கிருஷ்ணர் படமும் தெரியும். இப்போது வெள்ளைச் சுவர். ஓர் ஆணிகூட இல்லை. சித்தி கேட்டபோது, பெயின்ட் அடிக்கிறார்கள் போல என்று சொல்லி வைத்தேன். மூன்று மாதமாக அடிக்கிறார்கள். சரி, அது இருக்கட்டும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அந்த மிஷினில் எனக்கு நடந்த அவமானம் உனக்கு நினைவிருக்கும். டைப்பிங்கில் இங்கிலீஷ் ஹையர் பாஸ் பண்ணியவள் நான், நிமிஷத்துக்கு 45 வார்த்தை. மாமா அனுப்பிய பத்திரிகையில் இருந்த புரோகிராமை அடித்துத் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். ‘பி’யைத் தொட்டதும் ‘பிரிண்ட்’ என்று முழு வார்த்தையும் வந்து நிற்கிறது. என் விரல் நிற்குமா? மீதி எழுத்துகளையும் அடித்துவிட்டது. ‘பிரிண்ட் ரிண்ட்’. அடித்த வரியைப் போக விடாமல் கேள்விக்குறி கண் சிமிட்டுகிறது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ‘அம்மா, இதுக்கு டைப்பிங் தெரியாதவங்கதான் வேணும்’ என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய். ஆனால் ஆபீசில் அந்த வருஷம் ஒரே பேச்சு: கம்ப்யூட்டர் வருகிறது, டைப்பிஸ்டுகளை என்ன செய்வார்கள் என்று. எனக்கு அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. உன்னிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அப்பாவிடம்கூட.

இப்போது அந்தக் கோலத்துக்கு வருகிறேன்.

1986 மே மாத லீவு. ஒன்பது புள்ளி, இடைப்புள்ளி ஐந்து வரை. தாத்தாவின் கணக்கு நோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிராஃப் தாளில் நீ போட்டுப் பார்த்தாய். திரையில் குறுக்கே 256 புள்ளி, உயரத்தில் 176, அதற்குள் கோலம் அடங்க வேண்டும். கோடு போடும் ‘டிரா’வுக்கு மூன்றாவதாக ஓர் எண் கொடுத்தால் கோடு வளையும், ‘பை’ கொடுத்தால் அரைவட்டம் என்று கண்டுபிடித்து, பை என்றால் என்ன என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டாய். அவர் சொம்பையும் நூலையும் வைத்து அளந்து காட்டினார். அதற்குள் பாதிக் கோலம் வந்துவிட்டது. கம்பி புள்ளியைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடுவதை நான் அடுப்படியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டி வாசலில் போடுவது போலவே, தயங்கித் தயங்கி.

அன்று ராத்திரி கோலத்தைக் கேசட்டில் சேவ் பண்ண வேண்டும் என்று டேப் ரெக்கார்டரைக் கேட்டாய். மணி பத்தரை. அந்தக் கீச்சுச் சத்தத்தில் தாத்தா எழுந்துவிடுவார், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று மிஷினை அணைக்காமல், டிவியை மட்டும் அணைத்துவிட்டுப் படுத்தாய். தொடாதே என்று தாளில் எழுதி மேலே வைத்தாய்.

எல்லோரும் தூங்கிய பிறகு நான் போய் உட்கார்ந்தேன். டிவியைச் சத்தமில்லாமல் போட்டேன். உன் வரிகள் எல்லாம் நின்றன. நான் கெட்ட எண்ணத்தோடு போகவில்லை பாப்பா, கொஞ்சம் பழகிக்கொள்ளத்தான். டைப்பிங் படித்தவள் எந்த மிஷினில் கை வைத்தாலும் முதலில் இடது சுண்டுவிரல் ‘ஏ’ மேல்தான் போகும். இன்ஸ்டிட்யூட்டில் முதல் நாள் முதல் பாடம் அது. தொட்டேன். அடியில் ‘நியூ’ என்று ஒரு வார்த்தை வந்தது. புதுத் தாள் கேட்கிறது என்று நினைத்தேன். டைப்ரைட்டரில் புதுத் தாளைச் செருகினால் பழைய தாள் எங்கே போகும், மேஜை மேல்தானே இருக்கும்? என்டரைத் தட்டினேன்.

அந்த மிஷின் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது எதை அழித்தாலும் நிச்சயமா, நிச்சயமா என்று இரண்டு தடவை கேட்கிறது. அது கேட்கவில்லை. திரை ஒரு நொடி கருத்தது. அப்புறம் 1982 சின்க்ளேர் ரிசர்ச் லிமிடெட்.

நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு சுவிட்சை அணைத்தேன். காலையில் நீ கேட்டபோது, ராத்திரி பத்து நிமிஷம் கரண்ட் போனது என்றேன்.

அப்பா உன்னைத் திட்டினார். அவ்வளவு வேலை செய்தவளுக்கு அதைப் பத்திரப்படுத்தத் தெரிய வேண்டாமா என்றார். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை. நீ அழுகையை அடக்கிக்கொண்டு, ‘என் தப்புதான்பா’ என்றாய். எனக்குக் கேட்டது. நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறாய்: பத்து வரிக்கு ஒரு தடவை சேவ். போன வாரம் பார்த்தேன். கோலத்தை நீ திரும்பப் போடவே இல்லை.

அதற்குப் பிறகு தினமும் ராத்திரி நீ வாசிக்க வாசிக்க நான் பத்திரிகையில் இருந்ததை அடித்துக் கொடுத்தேனே, அம்மாவுக்கு என்ன பாசம் என்று நினைத்திருப்பாய். பாசமும்தான். ஆனால் அதில் பாதி அந்த ராத்திரிக்குக் கட்டிய வட்டி. அந்த வட்டியிலும் எனக்குத்தான் லாபம் வந்தது. 1988-இல் ஆபீசில் ஏ.சி. ரூம் போட்டு, செருப்பைக் கழற்றச் சொல்லி, வேர்ட்ஸ்டார் என்ற டைப் அடிக்கும் புரோகிராமைக் காட்டியபோது மற்றவர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ‘முதலில் சேவ் எங்கே இருக்குன்னு கேளும்மா’ என்று நீ சொல்லி அனுப்பியிருந்தாய். கண்ட்ரோல் கே எஸ். வேலை முடிந்தால் கே டி. அம்புக்குறி கீயைத் தேடிக் கையைத் தூக்க வேண்டாம், ஈ எஸ் டி எக்ஸ் நான்கும் இடது விரலுக்கு அடியிலேயே இருந்தன. டைப்பிஸ்டுக்காகவே யோசித்துச் செய்திருந்தார்கள். செக்‌ஷனில் முதலில் கற்றுக்கொண்டது நான்தான். எல்லோரும் புகழ்ந்தார்கள். எனக்குள் அந்த ‘ஏ’ கீ உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த மிஷினைக் கொண்டுவந்த சின்க்ளேர் 2021-இல் இறந்தபோது நீ போன் செய்து சொன்னாய். ‘அந்தக் கோலம் ஞாபகம் இருக்காம்மா, கரண்ட் போயிடுச்சே’ என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றேன். அப்பா இறந்த வருஷம் அது. ஏதோ ஒரு சாக்கு.

எதற்கு இப்போது என்று கேட்பாய். நாற்பது வருஷமாக, கரண்ட் போனாலும் உன் தப்பு என்றே எடுத்துக்கொள்கிறாய். வேலையில் யாரோ செய்ததற்கு நீ மன்னிப்புக் கேட்டதை நானே பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நீ ஒரு தப்பும் செய்யவில்லை. சேவ் பண்ணத்தான் கேட்டாய், நான்தான் தடுத்தேன். அழித்ததும் நான். அதை மட்டும் தெரிந்துகொள். வேறு எதையும் நான் சொல்ல வரவில்லை, கேட்கவும் வரவில்லை.

ஆனால் என்னிடம் நீ முன்பு இப்படி மறைத்ததில்லை, அதுவும் உண்மை. 1996-இல் ஓரிகன் போன புதிதில், அண்ணனின் வி.எஸ்.என்.எல். ஈமெயில் கணக்குக்கு எழுதுவாய். கருப்புத் திரை, வெறும் எழுத்து, ஒரு படம் வராது. அவன் டாட் மேட்ரிக்ஸில் அச்செடுத்து, இரண்டு பக்கமும் ஓட்டை வைத்த தாளோடு சைக்கிளில் கொண்டு வருவான். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். ‘இங்கே தினமும் மழை’ என்று நீ எழுதியதை ‘மலை’ என்று படித்துவிட்டு, பெண் எதற்குத் தினமும் மலை ஏறுகிறாள் என்று அப்பா கவலைப்பட்டாரே! அந்தத் தாளில் உன் முகம் தெரியாது, சுவர் தெரியாது. ஆனால் எல்லாம் எழுதியிருப்பாய். ரூம்மேட் உப்பு டப்பாவை ஒளித்து வைத்தது முதற்கொண்டு. அதனால் வீடியோவில் வர வேண்டாம். எழுது. இங்கிலீஷ் எழுத்தில் எழுதினாலும் எனக்குப் படிக்கத் தெரியும்.

ராத்திரி சாப்பிடு. வெறும் வயிற்றோடு படுத்தால் தூக்கம் வராது, தூக்கம் வராவிட்டால் கண்டதும் தோன்றும். பருப்புப் பொடி அனுப்புகிறேன், சூடான சாதத்தில் போட்டுப் பிசைந்துகொள்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல் என்று மேலே எழுதியிருக்கிறேன். சொல்ல முடிந்தால் சொல்.

பருப்புப் பொடியோடு கிராஃப் நோட்டையும் வைத்துக் கட்டியிருக்கிறேன். கோலம் முழுசாக இருக்கிறது, கடைசிக் கம்பி வரைக்கும் எண் போட்டிருக்கிறாய். கூரியர்காரர் வியாழக்கிழமை வருவார். பழைய விலாசம்தானா, வேறா என்று மட்டும் அதற்குள் எழுது.

அம்மா