கடைசி ஞாயிறு இதழும் காணாமல் போகும் முகப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

லண்டனின் ‘தி இண்டிபெண்டன்ட் ஆன் சண்டே’ அச்சை விட்டு இணையத்துக்குப் போன வரலாற்றைத் தங்கள் ஞாயிறு மலரில் படித்தேன். 1990 ஜனவரியில் தொடங்கிய அதன் கடைசி அச்சு இதழ் 2016 மார்ச் 20 அன்று வந்தது. ஆறே நாளில், 1986 முதல் வெளிவந்த தாய்ப் பத்திரிகை ‘தி இண்டிபெண்டன்ட்’டும் காகிதத்தை நிறுத்தியது. செலவு குறைந்தது, சரி. ஆனால் ஞாயிறு இதழ் என்பது வெறும் செய்திக் குவியல் அல்ல. எது முதல் பக்கம், எது உள்ளே என்று ஒரு வாரம் யோசித்து அடுக்கிய அடுக்கு. இணையத்தில் அந்த அடுக்கு அன்று மாலையே கலைந்துவிடுகிறது. இதைக் கட்டுரை தொடவே இல்லை.

அப்போது லண்டனில் வேலை பார்த்த நான் அந்தக் கடைசி இதழை வாங்கி வைத்தேன். இன்றும் பிரித்தால் அந்த ஞாயிறு அப்படியே இருக்கிறது. அதே ஆண்டு வேறொரு செய்தித் தளத்தில் குறித்துவைத்த இணைப்புகளில் பாதிகூடத் திறப்பதில்லை. இணைய வெளியீடுகளைச் சேகரிக்க 2013 முதல் பிரிட்டிஷ் நூலகத்துக்குச் சட்ட உரிமை உண்டு. அச்சை நிறுத்தும் பத்திரிகைகள் ஞாயிறுதோறும் தங்கள் முகப்பை, காலையில் இருந்த வரிசை மாறாமல், ஒரு பிரதியாக அங்கே ஒப்படைக்க வேண்டும்.

வாசகர், திருச்சி