26ஆம் நாளும் பாசிட்டிவ்

சென்னை,
ஜூலை 2020

முத்து,

மூன்று மாதமாக ஒரு வரி எழுதவில்லை, திட்டுவதென்றால் திட்டிக்கொள். எப்படியும் தாசில்தார் சொல்லியிருப்பான், அவன் வாயில் எது தங்கும்? ஆமாம், எனக்குக் கொரோனா வந்து போய்விட்டது. போய்விட்டதா என்பதில்தான் இப்போது வழக்கே.

காய்ச்சல் நாலே நாள், உடம்புவலி ஒரு வாரம். மோப்பம் மட்டும் இன்னும் சரியாகவில்லை. நேற்று என் அறைக்கு வெளியே அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருக்கிறது, கதவருகே நின்ற எனக்குத் தெரியவில்லை, பால்கனியிலிருந்து சுதா ஓடி வருகிறாள். பத்தாம் நாள் கேர் சென்டரில் டெஸ்ட் எதுவும் எடுக்காமலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். முன்பு இரண்டு நெகட்டிவ் வந்தால்தான் விடுவார்கள். மே மாதமே விதி மாறிவிட்டது. லேசான கேஸ் என்றால் அறிகுறி தொடங்கி 10 நாள், கடைசி 3 நாள் காய்ச்சல் இல்லை, அவ்வளவுதான். அப்புறம் வீட்டில் 7 நாள் தனியாக இருக்க வேண்டும். அதையும் இருந்தேன்.

இதெல்லாம் அரசாங்கத்துக்கு. எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குத் தனிச் சட்டம். "நெகட்டிவ் காட்டுங்க சார், அப்புறம் லிஃப்டுல ஏறலாம்" என்றார் செயலாளர். ரோஷத்தில் 3000 ரூபாய் கொடுத்து 26ஆம் நாள் டெஸ்ட் எடுத்தேன். பாசிட்டிவ்! அன்றிலிருந்து பால் பாக்கெட்கூட மாடிப்படியோடு நின்றுவிடுகிறது.

ராத்திரி பகலாக இதையே படித்துக்கொண்டிருக்கிறேன், உன்னிடமாவது கொட்டுகிறேன். இந்த டெஸ்ட் வைரஸின் மரபணுத் துணுக்கைத்தான் தேடுகிறது, வைரஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அந்தத் துணுக்கை ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கிக்கொண்டே போகிறது. என் ரிப்போர்ட்டில் சி.டி. என்கிற சுற்றுக் கணக்கு 34, அதாவது 34 முறை இரட்டித்த பிறகுதான் ஏதோ கண்ணில் பட்டிருக்கிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் மறுவீடு போய் வந்த பிறகும் பந்தக்காலில் வாழைமரம் காய்ந்து தொங்குமே, அதைப் பார்த்துவிட்டு உள்ளே முகூர்த்தம் நடக்கிறது என்கிற கதை. தென்கொரியாவில் குணமானவர்கள் பலருக்கு மறுபடி பாசிட்டிவ் வந்து ஒரே கலவரம். அவர்களில் 285 பேரோடு பழகிய 790 பேரைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். இவர்களால் தொற்றியது என்று ஒருவரைக்கூடக் காட்ட முடியவில்லை. 108 பேரின் சளியை எடுத்து வளர்த்தும் பார்த்தார்கள், எதிலும் வைரஸ் வளரவில்லை. லேசாக வந்து போனவர்களிடம் பத்து நாளுக்கு மேல் உயிருள்ள வைரஸ் கிடைப்பதே அபூர்வமாம்.

செயலாளரிடம் இதையெல்லாம் சொன்னேன். "அதெல்லாம் கொரியா சார்" என்றார்.

சரி, சிரித்தது போதும். இவ்வளவு வாய் கிழியப் பேசுகிறவன், குட்டியை இன்னும் தூக்கவில்லை, முத்து. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று "அப்பா, நெகட்டிவ் வந்துடுச்சா?" என்று தினம் கேட்கிறது. மூன்றரை வயசு. அந்தச் சொல்லை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ! தாளை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு நானே அந்தத் தாளை நம்பிக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா முட்டி வலி எப்படி இருக்கிறது? வெளியே விடாதே.

ஒரு உதவி. பழைய வார்டன் குரல் இன்னும் வருகிறதா உனக்கு? செயலாளர் நம்பர் அனுப்புகிறேன். சுகாதாரத் துறை என்றெல்லாம் புளுகாதே, வம்பு. சும்மா அந்தக் குரலில் "லிஃப்ட் யார் அப்பன் வீட்டுது?" என்று மட்டும் கேள்.

ரகு